காலை வணக்கத்துக்கு ஒரு தனிக் குழு

மலேசியாவில் ரப்பர் தோட்டத்துப் பிள்ளைகளுக்கு இணையத்தில் இலவசக் கணித வகுப்பு நடத்த எட்டுப் பேர் சேர்ந்தோம். ஒருங்கிணைப்பாளர் நான். மற்ற எல்லாரும் வேண்டாம் என்றதால் கிடைத்த பதவி அது. உடனே எட்டுப் பேருக்கு ஆறு வாட்ஸ்அப் குழுக்கள் தொடங்கினேன்: அட்டவணைக்கு ஒன்று, கேள்வித்தாளுக்கு ஒன்று, மற்ற குழுக்களைப் பற்றிப் பேசுவதற்கு ஒன்று, இப்படி. எங்களில் திகாம் பத்து என்ற ஊரைச் சேர்ந்த அக்கா ஒருவர் ஆறிலும் ரோஜாப்பூவோடு காலை வணக்கம் போட்டார். அதற்கென்றே ஏழாவது குழு தொடங்கி, எல்லாரையும் சேர்த்துவிட்டு, நான் மட்டும் கம்பீரமாக வெளியேறினேன்.

தேர்வுக்கு முந்திய சனிக்கிழமை, பாடம் எடுக்க வேண்டிய ஆசிரியருக்குக் காய்ச்சல். மாற்று ஆள் கேட்டு ஆறு குழுக்களிலும் கெஞ்சினேன். ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை. சுங்கை லாலாங் தோட்டத்தில் பிள்ளைகள் கைப்பேசியோடு காத்திருப்பார்களே என்று கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். நானே எடுக்கலாம் என்றால், என் கணிதம் பத்தாம் வாய்ப்பாட்டோடு நின்றுவிடும்.

வகுப்பு நேரமும் வந்துவிட, அக்காவுக்குப் போன் அடித்தேன்.

"கிளாஸ் ஓடிக்கிட்டு இருக்கு லா தம்பி. நம்ம எட்டுப் பேர்ல பீடோங் ஊர் அண்ணன் இருக்காருல்ல, அவரு எடுக்குறாரு. காலையிலேயே ரோஜாப்பூ குரூப்ல பேசி முடிச்சிட்டோம்."

"நான் ஆறு குரூப்ல கேட்டேனேக்கா!"

"அதையெல்லாம் மியூட் போட்டு ரொம்ப நாளாச்சு."

"அப்ப என்னையும் அதுல சேர்த்துக்குங்க."

"சேர்க்கிறேன். தினமும் ஒரு பூ போடணும், ஓகேவா?"

நேற்று போட்ட செம்பருத்தியையே இன்றும் போட்டதற்காக இப்போது எனக்கு எச்சரிக்கை வந்திருக்கிறது.