ஹார்ட் டிஸ்க்கோடு போன மனு

தல்லாகுளத்தில் கோர்ட்டுக்குப் பக்கத்துச் சந்தில் டைப்பிங் கடை வைத்திருக்கிறேன். வருகிறவர்கள் சொல்லச் சொல்ல மனு அடித்துக் கொடுப்பது என் வேலை. இருப்பது ஒரே கம்ப்யூட்டர். போன கோடையில் அது என்னைப் படுத்தி எடுத்துவிட்டது.

காலையில் சுவிட்சைப் போட்டுவிட்டு, கடையைப் பெருக்கி, தண்ணீர் பிடித்து வைத்து, டீயும் குடித்து வந்தாலும் திரையில் வட்டம் சுற்றிக்கொண்டிருக்கும். ஒரு ஃபைலைத் திறந்தால் மொத்தமும் உறைந்துபோகும். எதுவுமே ஓடாதபோதும் டிஸ்க் நூறு சதவீதம் வேலை செய்வதாகக் காட்டும். வீடியோக்களைப் பார்த்து ஒவ்வொன்றாகச் செய்தேன். வேண்டாத புரோகிராம்களை நீக்கினேன். வைரஸ் ஸ்கேன் போட்டேன், ஒன்றும் அகப்படவில்லை. பெட்டியைத் திறந்து தூசி தட்டி, கேபிளைக் கழற்றி மாட்டினேன். ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் தேறிவிட்டதுபோல் இருக்கும். அது என் ஆசைதான்.

வீட்டுக்குப் போனால் சோறு வடிக்கக்கூடத் தெம்பிருக்காது. "சும்மா ஒக்காந்திருந்ததுக்கா இம்புட்டு அலுப்பு?" என்று வீட்டுக்காரர் கேட்பார். பதில் சொல்லவும் அலுப்பாக இருக்கும்.

ஒரு திங்கட்கிழமை காலை, கொட்டாம்பட்டிப் பக்கத்திலிருந்து ஒரு அக்கா வந்தார். அவருடைய வயலுக்குப் போகிற பாதையில் கூடப்பிறந்த அண்ணனே முள்வேலி போட்டுவிட்டார். அதைப் பற்றி வெள்ளிக்கிழமை நீளமாக ஒரு மனு சொல்லியிருந்தார். அடித்து முடித்த நேரம் பிரிண்டரில் மை தீர்ந்துவிட்டது. இன்று பிரிண்ட் எடுத்து கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டத்தில் கொடுக்க வேண்டும். ஃபைலைத் தொட்டேன். பெட்டிக்குள்ளிருந்து டிக் டிக்கென்று சத்தம் வந்தது. திரை அசையவில்லை.

காளவாசலில் சர்வீஸ் கடை வைத்திருக்கும் தம்பிக்கு போன் போட்டு, அந்தச் சத்தத்தைக் கேட்க வைத்தேன்.

"அக்கா, இனி ஸ்கேன் எதுவும் போடாதீங்க. ஆஃப் பண்ணி வைங்க. இந்தா வாரேன்."

வந்து டிஸ்க்கைக் கழற்றித் தன் லேப்டாப்பில் மாட்டிப் பார்த்தார். "அங்கங்க அரிச்சுப் போச்சுக்கா. படிக்க முடியாத எடத்தத் திரும்பத் திரும்பப் படிக்கப் பாக்குது. அதான் இம்புட்டு ஸ்லோ. உசுரு இருக்கும்போதே எடுக்க வேண்டியத எடுத்துருவோம்."

முதலில் அந்த மனுவைத்தான் தேடினோம். பெயர் இருந்தது, திறக்கவில்லை. அதை விட்டுவிட்டு மற்றவற்றைப் புது டிஸ்க்குக்கு ஏற்ற ஆரம்பித்தார்.

"அக்கா, நீங்க சொன்னது போயிருச்சு. மறுபடி சொன்னீங்கன்னா இவரு லேப்டாப்லயே அடிச்சுத் தாரேன்" என்றேன்.

அவர் கோபப்படவில்லை. "அம்புட்டையும் மறுபடியுமா தங்கச்சி?" என்று ஸ்டூலில் உட்கார்ந்து சுவரில் சாய்ந்துகொண்டார். முந்தானையால் முகத்தைத் துடைத்துவிட்டுச் சொன்னார். "சரி, அடி. பாதைய மறிச்சு வேலி இருக்கு. வண்டி போக வழி வேணும்."

"அண்ணன் குடிச்சுட்டு வந்து ஏசுனது, ஒங்க வீட்டுக்காரர் எழவுக்கு வராதது, அதெல்லாம் சொன்னீங்களே?"

"அத இன்னொருக்கா சொல்லத் தெம்பில்ல. அன்னைக்குச் சொல்லிட்டுப் போயி ரெண்டு நாளா நெஞ்சு கனத்துக் கெடந்துச்சு. வழிய மட்டும் கேளு."

அரைப் பக்கத்தில் மனு முடிந்தது. கையெழுத்துப் போட்டு எடுத்துக்கொண்டு போனார்.

புது டிஸ்க் வேகமாக ஓடுகிறது. அதனால் முன்பைவிட நாலு பேர் கூடுதலாக வருகிறார்கள். அலுப்பு மட்டும் குறையவில்லை.

மழைக்காலம் தொடங்கியபிறகு அந்த அக்கா ரேஷன் கார்டு வேலையாக வந்தார். மனு என்ன ஆயிற்று என்று கேட்டேன்.

"விஏஓ வந்து எங்கண்ணனுக்கு முன்னாலயே வாசிச்சாரு. தன்னப் பத்தி ஒரு வார்த்த தப்பா இல்லைன்னதும் அண்ணன் சண்டைக்கு நிக்கல. மறுநா பாதி வேலியப் பிரிச்சுருச்சு."

"பாதிதானா?"

"மாட்டுவண்டி போகுது. டிராக்டர் போகாது" என்றார். "பேச்சுவார்த்தை இன்னும் இல்ல. ஆனா நான் தண்ணி பாய்ச்சப் போறப்ப அண்ணன் எதுக்க வந்தா, ஒதுங்கி நிக்குது."