தட்டத்தில் வந்த மனச்சோர்வு

லண்டனில் கடை வைத்து நிமிர்ந்து, பிளேஸ்டோவிலிருந்து சட்டனுக்கு வீடு மாறிய பிறகுதான் விஜயரத்தினத்துக்குச் சுவர் ஒரு பிரச்சினையாயிற்று. பெரிய படிப்புப் படித்தவர்கள் கலர்ப் படம் மாட்டுவதில்லை என்பதை ஒரு பல் டொக்டரின் வீட்டில் கண்டுபிடித்திருந்தார். கறுப்பு வெள்ளை தேடி அலைந்து, செப்புத்தகட்டில் செதுக்கி அச்சிட்ட பழைய படமொன்றை ஏலத்தில் எடுத்து ஹோலில் மாட்டினார். பொன் பூசிய சட்டம். சட்டத்துக்குள் யார் இருக்கிறார் என்று பார்க்க அவருக்கு நேரம் கிடைக்கவில்லை.

பார்த்தவர் கனகாம்பிகை. வட லண்டன் எட்மண்டனிலிருந்து மகன் ரதீசனுக்குப் பெண் கேட்டு வந்தவர். வந்த சம்பந்தங்களையெல்லாம் தட்டிவிட்ட விஜயரத்தினத்தின் மகள் துஷ்யா, ரதீசனோடு மட்டுந்தான் போனில் சிரித்துப் பேசியிருந்தாள். இதுவும் குழம்பினால் மகளுக்கு இனிக் கல்யாணமே இல்லை என்று தகப்பன் பயந்துபோயிருந்தார்.

"ஆரண்ணை இந்தப் பொம்பிளை? தலையை விரிச்சுப்போட்டு, கன்னத்திலை கையை வைச்சுக்கொண்டு... காலடியிலை மண்டையோடு வேறை! நல்ல காரியம் பேசுற வீடோ இது?"

விஜயரத்தினம் அப்போதுதான் படத்தைப் பார்த்தார். பிள்ளைகள் கன்னத்தில் கை வைத்தால் தட்டிவிட்டு வளர்த்த மனிதர்.

"எங்கடை சொந்தக்காரர் இல்லை," என்றார்.

மியூசியத்தில் வேலை செய்யும் துஷ்யாவால் சும்மா இருக்க முடியவில்லை. "அது மனிசி இல்லை அன்ரி, மனச்சோர்வு. அந்தக் காலத்திலை இங்கை மனசிலை இருக்கிற ஒவ்வொண்டையும் ஒரு ஆளாக் கீறுவினம். விவேகத்துக்குக் கையிலை கண்ணாடியும் பாம்பும். கனக்க யோசிக்கிற ஆக்களிட்டைத்தான் இவ வருவாவாம்."

"யோசிக்கிறதோ? அதுவும் ஹோலிலை வைச்சோ? ரதீசன், எழும்பு!"

ரதீசன் எழும்பினான். ஆனால் படத்துக்குக் கிட்டப் போய் நின்றான். "ஞாயிறு பின்னேரத்திலை நான் இப்பிடித்தானம்மா இருக்கிறனான். எனக்குப் பிடிச்சிருக்கு."

"ஆரை?"

"ரெண்டு பேரையும்."

துஷ்யா சிரித்துவிட்டாள். மகன் வாய் திறந்து ஒன்றைப் பிடித்திருக்கிறது என்று சொன்னதைக் கனகாம்பிகை இன்றுதான் கேட்டார். எடுத்த கைப்பையை மடியில் வைத்தார்.

"பெட்டை வரட்டும். அந்த மூதேவி என்ரை வாசல்படி ஏறப்படாது."

"அவ வந்தால்தான் அன்ரி நானும் வருவன்."

விஜயரத்தினம் யோசிக்கவில்லை. படத்தைக் கழற்றினார். கண்ணாடியில் அந்தப் பெண்ணின் நெற்றிக்கு நேரே சந்தனமும் குங்குமமும் வைத்தார். வாழைப்பழம், வெற்றிலையோடு தட்டத்தில் சாய்த்துக் கனகாம்பிகையிடம் நீட்டினார்.

"சம்பந்தியம்மா, எங்கடை வீட்டு முதல் தட்டம்."

பெண் வீட்டார் தட்டத்தில் வைத்து நீட்டியதை வேண்டாமென்று சொல்லிப் பழக்கமில்லாத குடும்பம். கனகாம்பிகை இரண்டு கையாலும் வாங்கினார்.

மனச்சோர்வு குங்குமப் பொட்டோடு பின்சீற்றில் எட்மண்டன் போனது. சீற் பெல்ட்டைப் போட்டுவிட்டவர் கனகாம்பிகைதான்.