ஒன்பதாவது பெயருக்கு ஒட்டாத சிலுவை

இதைக் கேட்டவர்களில் பாதிப் பேர் சிரித்தார்கள். மீதிப் பேர், "பசை சரியில்லாம இருந்திருக்கும் மேஸ்திரி" என்றார்கள். இருபத்தாறு வருடமாகக் கட்டட வேலை செய்கிறேன். எந்தப் பசை எதைப் பிடிக்கும், எத்தனை நிமிடத்தில் பிடிக்கும் என்று எனக்கு யாரும் பாடம் நடத்த வேண்டாம். நடந்ததை நடந்த மணியோடு எழுதுகிறேன். சிரிக்கிறவர்கள் ஒருநாள் அந்த ஹாலுக்கு வந்து, அந்த ஒரு சிலுவையை மட்டும் பிடுங்கிக் காட்டட்டும். பிறகு பேசலாம்.

சிஸ்டர்கள் நடத்தும் மேல்நிலைப் பள்ளி அது. எழுபத்தைந்து வருடம் முடிந்து பவள விழா. அறிவிப்புப் பலகையில் இடமே இல்லை. எல்லாரும் தேர்ச்சி, கைப்பந்தில் கோப்பை, புது ஆய்வுக்கூடம், புது ஹால் என்று ஒன்றின் மேல் ஒன்றாகச் செய்தி ஒட்டியிருந்தார்கள். அந்தப் புது ஹாலின் பக்கச் சுவர்தான் என் வேலை. இருபத்தைந்து வருடத்துக்கு மேல் பள்ளிக்கு உழைத்தவர்கள் முப்பத்தொரு பேர். ஆளுக்கு ஒரு பித்தளைத் தகடு. அதை வரிசையாகப் பதிக்க வேண்டும்.

இதே பள்ளியில்தான் நாற்பத்துநாலு வயதில் நான் எழுத்து படித்தேன். கூலி வேலை செய்கிறவர்களுக்குச் சனிக்கிழமை சாயங்காலம் வகுப்பு. ஒன்பதாம் வகுப்புப் பெண்கள் சொல்லித் தருவார்கள். எனக்கு வாய்த்த டீச்சர் என் சின்ன மகள். வீட்டில் நான் திட்டியதற்கெல்லாம் அங்கே ஸ்கேலால் பதில் சொன்னாள்.

அதனால் பெயர்த் தகடு வேலையை நானே கேட்டு வாங்கினேன். வயரிங் செய்கிற பையனை எல்லாரும் கரண்டு என்றுதான் கூப்பிடுவோம். அவன், "அண்ணே, பாதிப் பேரைத் தலைகீழா ஒட்டிடாதீங்க" என்றான். மற்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். உள்ளே எரிந்தது.

சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு மறைமாவட்டத்து ஆயர் வந்து செபம் சொல்லி ஹாலை மந்திரிக்கிறார். அந்தச் சுவருக்குப் பக்கத்தில் நின்று முப்பத்தொரு பெயரையும் வாசிக்கப்போவது என் மகள். ஊரே பார்க்கும். ஒரு பிழை இருந்தாலும், படிக்கத் தெரியாதவனிடம் வேலை கொடுத்தால் இப்படித்தான் என்பார்கள். அதுவும் என் மகள் காதில் விழும்படி.

வெள்ளிக்கிழமை மதியம் 2.10க்குத் தகடுகள் முடிந்தன. அடுத்தது சிலுவை.

இறந்துபோனவர்கள் பெயருக்கு முன்னால் ஒரு சின்னச் சிலுவை வைப்பது அங்கே வழக்கம். கட்டைவிரல் நகம் அளவு, பித்தளையில். தனித்தனியாக வாங்கியிருந்தார்கள். "பின்னாடி ஒவ்வொருத்தரா போகப்போக ஒட்டிக்கலாம்ல" என்றார் ஆபீஸ் கிளார்க். அவர் தந்த பட்டியலில் பன்னிரண்டு பெயருக்கு டிக் போட்டிருந்தது. சிலுவை உள்ள பெயரை வாசிக்கும்போது முன்னால் "அமரர்" சேர்க்க வேண்டும் என்று மகளுக்கும் சொல்லியிருந்தார்கள்.

3.05. பன்னிரண்டும் ஒட்டி முடித்தேன். இரண்டு டியூபைக் கலக்கிற பசை. பத்து நிமிடத்தில் பிடிக்கும். ஒரு மணி நேரத்தில் கல்.

3.40. டிங்.

தரையில் ஒரு சிலுவை கிடந்தது. ஒன்பதாவது பெயருடையது. பள்ளியின் பழைய மணிக்காரர். முப்பத்தெட்டு வருடம் கோபுர மணி அடித்தவர். ஆறு வருடத்துக்கு முன் ஸ்பீக்கரில் மணி வந்ததும் ஓய்வு கொடுத்துவிட்டார்கள். பிள்ளைகள் இழுத்து விளையாடுகிறார்கள் என்று கோபுரத்துக் கயிற்றையும் அவிழ்த்துவிட்டார்கள். நான் அவரைப் பார்த்ததில்லை.

தகட்டைத் துடைத்தேன். உரசினேன். மறுபடி ஒட்டினேன்.

4.15. டிங்.

அதே சிலுவை. மற்றப் பதினொன்றையும் ஆட்டிப் பார்த்தேன். அசையவில்லை. அதே பசை, அதே தகடு, அதே கை.

"கரண்டு, நீ எதாவது விளையாடுறியா?"

"நான் ஏணி மேல நிக்கிறேண்ணே. எனக்கு இதான் வேலையா?"

சிலுவையின் பின்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தேன். பசை இருந்த அடையாளமே இல்லை. துடைத்து வைத்த மாதிரி பளபளவென்று இருந்தது...

எரிச்சலில் ஆபீசுக்குப் போனேன். 4.50. கிளார்க் கிளம்பிக்கொண்டிருந்தார்.

"சார், அந்த மணிக்காரர் செத்துட்டாருன்னு நிச்சயமாத் தெரியுமா?"

"ஏன் மேஸ்திரி, உங்க கனவுல வந்தாரா?"

"இல்ல சார். யாரு சொன்னாங்கன்னு கேட்டேன்."

"ஆன்மாக்கள் பெட்டியில பேரு இருந்துச்சு. ரெண்டு வருஷமா வருது. போதுமா?"

நவம்பர் மாதம் சிற்றாலயத்தில் ஒரு பெட்டி வைப்பார்கள். அவரவர் வீட்டில் இறந்தவர்கள் பெயரைச் சீட்டில் எழுதி அதில் போடுவார்கள். மாதம் முழுக்க அந்தப் பெயர்களுக்குப் பூசை நடக்கும்.

"யாரு எழுதிப் போட்டாங்க?"

"வேண்டியவங்க யாரோ. விழாவுக்குன்னு நாலு நாளைக்கு முன்னாடி எல்லாருக்கும் லெட்டர் போட்டோம். அவரு லெட்டருக்கும் பதில் இல்ல. உங்களுக்கு ஒட்ட வரலைன்னா ஒட்ட வரலைன்னு சொல்லுங்க. செத்தவரை ஏன் எழுப்புறீங்க?"

பீரோவைப் பூட்டினார். போய்விட்டார்.

என் வயதில் பாதி அவருக்கு. திரும்பி வந்து ஒன்பதாவது பெயர் முன்னால் முக்காலி போட்டு உட்கார்ந்தேன். இந்த முறை கட்டைவிரலால் அழுத்திப் பிடித்தபடியே பத்து நிமிடம் எண்ணுவது என்று முடிவு செய்தேன்.

5.25. கரண்டு மெயினை அணைத்துவிட்டு மேடைக்குப் பின்னால் போயிருந்தான். ஹால் மங்கலாக இருந்தது. என் விரலுக்கடியில் சிலுவை.

"தண்ணி இருக்கா..."

பின்னாலிருந்து வந்தது. வயதான குரல். காய்ந்த தொண்டை.

திரும்பினால் விரல் நழுவும். திரும்பாமலே சொன்னேன்.

"வெளியே குழாய் இருக்கு பெரியவரே. வலது பக்கம்."

"எட்டலை..."

"இடுப்பு உயரம்தான். எட்டும், போங்க."

மூச்சு மட்டும் கேட்டது. குரல் ஏன் இவ்வளவு கீழேயிருந்து வருகிறது என்று அப்போதுதான் தோன்றியது. ஏதோ தரையிலிருந்து பேசுகிற மாதிரி.

தகட்டைப் பார்த்தேன். புதுப் பித்தளை கண்ணாடி மாதிரி இருக்கும். என் தோள் தெரிந்தது. தோளுக்குப் பின்னால் ஒரு கிழவர் தெரிந்தார்.

படுத்திருந்தார்.

நான் நேராக இருந்தேன். சுவர் நேராக இருந்தது. அவர் மட்டும் குறுக்கே... ஒரு கை நீட்டி... தகடு எங்கோ வளைந்திருக்கிறது என்று நினைத்தேன். நான் பதித்த தகடு! வளைந்திருக்குமா? அதற்கும் எரிச்சல் வந்தது.

"எட்டலை தம்பி..."

"கையை எடுத்தா இது விழுந்துடும் பெரியவரே! கொஞ்சம் பொறுங்க. வர்றேன்."

எண்ணினேன். அறுநூறு வரை எண்ணினேன். விரலை எடுத்தேன்.

திரும்பினேன்.

யாரும் இல்லை.

தரை முழுக்க டைல் அறுத்த வெள்ளைத் தூள். என் செருப்புத் தடம் இருந்தது. கரண்டுவின் பூட்ஸ் தடம் இருந்தது. வேறு தடம் இல்லை.

ஒன்று இருந்தது.

என் முக்காலிக்கு ஒரு சாண் தள்ளி... ஐந்து விரல். இழுத்த தடம்.

டிங்.

பார்க்காமலே தெரிந்தது.

6.00. கோபுர மணி அடித்தது.

மூவேளைச் செபத்துக்கு அடிக்கிற கணக்கு எனக்கு மனப்பாடம். மூன்று. நிறுத்தம். மூன்று. நிறுத்தம். மூன்று. பிறகு ஒன்பது. ஆனால் மெயின் அணைந்திருக்கிறது. ஸ்பீக்கர் பாடாது. கோபுரத்தில் கயிறு கிடையாது.

மூன்று...

மூன்று...

மூன்று...

கடைசி ஒன்பதில் நாலு அடித்தது. நின்றுவிட்டது. ஐந்தாவதுக்குக் காத்திருந்தேன். வரவில்லை.

"கரண்டு! மணி கேட்டியா?"

மேடைக்குப் பின்னாலிருந்து தலையை நீட்டினான். "எந்த மணிண்ணே?"

6.20க்குப் பெரிய சிஸ்டர் வந்தார். தலைமை ஆசிரியை. மூன்று நாளாகத் தூங்காத கண்.

"மேஸ்திரி, ஒன்பதாவது பேர்ல சிலுவை எங்கே?"

"ஒட்ட மாட்டேங்குது சிஸ்டர். அவரு உயிரோட இருப்பாரோன்னு..."

"அவருக்கு ரெண்டு வருஷமாப் பூசை வச்சிட்டிருக்கோம்."

"யாராவது ஒருதடவை வீட்ல போய்ப் பாத்தா..."

"ஒரு சிலுவை ஒட்டச் சொன்னா ஊரையே சுத்தச் சொல்றீங்க. விடியறதுக்குள்ள இது இருக்கணும். உங்க பொண்ணு எவ்வளவு நல்லா வாசிக்குது தெரியுமா? அது தலைகுனியக் கூடாது."

சிலுவையைக் காகிதத்தில் மடித்துச் சட்டைப் பையில் வைத்தேன். 6.45க்குக் கிளம்பினேன். மணிக்காரர் வீடு எங்கே என்று வாசலில் யாரையாவது கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. கால் வலித்தது. எல்லார் மீதும் கோபம். அந்தக் கிழவர் மீதும் கோபம்.

வீட்டில் மகள் பெயர்களைச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒன்பதாவது பெயரில் ஒவ்வொரு முறையும் தடுக்கினாள்.

"என்னம்மா?"

"தெரியலப்பா. அந்த இடத்துல மட்டும் 'அமரர்'ங்கிற வார்த்தை வாய்ல வரமாட்டேங்குது."

நான் குளிக்கப் போய்விட்டேன்.

சனிக்கிழமை. 5.50. ஹாலைத் திறந்தேன். பசையைக் கலந்தேன். ஆம்ப்ளிஃபையரை மேடைக்குத் தூக்கிவிட்டதால் அன்று ஸ்பீக்கர் மணி கிடையாது என்று கரண்டு முதல் நாளே சொல்லியிருந்தான்.

6.00.

மணி அடித்தது.

ஒன்று... இரண்டு... மூன்று... நாலு... ஐந்து.

அவ்வளவுதான். ஐந்து.

நேற்றைய நாலோடு இந்த ஐந்து...

பைக்குள் கை விட்டேன். காகிதம் இருந்தது. பிரித்தேன்.

காலி.

சுவரைப் பார்த்தேன்.

ஒன்பதாவது பெயருக்கு முன்னால் சிலுவை இருந்தது.

நேராக. அளவாக. என் கையால்கூட அவ்வளவு சுத்தமாக வராது. நகத்தால் நெம்பினேன். உளி முனையால் நெம்பினேன். அசையவில்லை.

என்ன நினைத்தேன் தெரியுமா? மறைக்க மாட்டேன். அப்பாடா என்று நினைத்தேன். மகள் தப்பித்தாள் என்று நினைத்தேன்.

ஒன்பது மணிக்கு ஆயர் வந்தார். தீர்த்தம் தெளித்தார். மகள் வாசித்தாள். ஒன்பதாவது பெயரில் "அமரர்" தடுக்காமல் வந்தது. கை தட்டினார்கள். பெரிய சிஸ்டர் என்னைப் பார்த்துத் தலையசைத்தார். எனக்கு மட்டும் காதில், "எட்டலை தம்பி..."

விழா முடிந்ததும் கிளார்க்கின் சட்டையைப் பிடிக்காத குறைதான். முகவரி வாங்கினேன். கரண்டுவையும் கூட்டிக்கொண்டேன். கிளார்க்கும் முணுமுணுத்துக்கொண்டே வந்தார். மூடிக்கிடக்கும் மாவு மில்லுக்குப் பின்னால் ஒற்றை அறை. பள்ளியிலிருந்து பத்து நிமிட நடை.

11.40. கதவு உள்ளே தாழ். வாசலில் பிரிக்காத கடிதம். பள்ளி முத்திரை. கரண்டு ஜன்னல் கம்பியை வளைத்து உள்ளே இறங்கினான். இறங்கியவன் கத்தினான்.

கிழவர் தரையில் ஒருக்களித்துக் கிடந்தார். பித்தளையில் பார்த்த அதே கிடை. வலது கை நீட்டியபடி. சிமெண்டுத் தரைத் தூசியில் ஐந்து விரல் இழுத்த தடம். அதற்கு ஒரு சாண் தள்ளி, பலகை மேல் தண்ணீர்க் குடம். நிறைய இருந்தது.

டாக்டர் பார்த்துவிட்டுச் சொன்னார். இடுப்பு எலும்பு உடைந்திருக்கிறது. விழுந்து மூன்று நாள் இருக்கும். நகர முடிந்திருக்காது. உயிர் போனது மட்டும் இன்று விடியற்காலை. ஆறு மணி வாக்கில்.

மேசையில் ஒரு கட்டுச் சீட்டு இருந்தது. பெட்டியில் போடுகிற அளவுக்குக் கத்தரித்தது. ஒவ்வொன்றிலும் அவர் பெயர். அவர் கையெழுத்து. கிளார்க் ஒரு சீட்டை எடுத்தார். பெட்டியில் வந்ததும் இதே எழுத்துதான் என்றார்.

பக்கத்து வீட்டு அம்மா வாசலில் நின்று சொன்னார். "தனக்குப் பின்னாடி எழுதிப் போட யாரும் இல்லைன்னு சொல்லுவாரு. அதான் இருக்கும்போதே வருஷா வருஷம் போட்டுக்கிட்டாரு. இந்த மூணு நாளா ஆளைக் காணோமா, உங்க விழாவுக்குத்தான் போயிட்டாருன்னு நெனச்சேன்."

அடுத்த மழையில் அந்தச் சுவர் ஓதம் அடித்தது. நாலு சிலுவை உதிர்ந்தது. நான்தான் மறுபடி ஒட்டினேன். ஒன்பதாவது மட்டும் இன்றுவரை அசையவில்லை. பெரிய சிஸ்டர் அந்தப் பக்கம் வந்தால் தரையைப் பார்த்து நடக்கிறார். கிளார்க் வேலையை விட்டுவிட்டார்.

எல்லாரையும் குறை சொல்லி இதை எழுதத்தான் உட்கார்ந்தேன். எழுதி முடித்து வாசித்துப் பார்த்தேன். அவர்கள் யாரிடமும் அவர் வரவில்லை. என்னிடம்தான் வந்தார். வெள்ளிக்கிழமை 5.25க்கு. அப்போது அவருக்கு உயிர் இருந்தது.

தண்ணீர் கேட்டார். வெளியே குழாய் இருக்கிறது என்றேன்.