நான் விட்ட கயிறு

இரண்டு வருடத்துக்கு முந்தைய ஆடி மாதம். உத்தரகோசமங்கைக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். ஓட்டு வீட்டின் மேல் சாய்ந்திருந்த வேப்பமரத்தின் பெரிய கிளையை, ஓட்டில் ஒரு கீறல் விழாமல் இறக்கித் தர வேண்டும். மரத்தின் மேலே என் மனைவியின் தம்பி, கீழே கயிற்றோடு நான்.

அவனுக்கு இருபத்தெட்டு வயது, எனக்கு நாற்பத்து மூன்று. ஆனால் அவன்தான் எனக்கு வாத்தியார். தொண்டிப் பக்கம் கடற்கரையில் எங்கள் ஊர். பதிமூன்று வயதில் கடலுக்குப் போனவன் நான். வள்ளம் பாறையில் அடித்து உடைந்தபிறகு வீட்டில் சும்மா கிடந்தேன். கோயம்புத்தூரில் பெல்ட், கயிறு கட்டி மரம் ஏறி வெட்டுகிற வேலையைக் கற்று வந்திருந்த அவன், "வாங்க மச்சான், கயிறு பிடிக்கத் தெரிஞ்ச ஆளு எனக்கு வேணும்" என்று கூட்டிக்கொண்டான்.

ஒரு மாதம் பழக்கினான். இரண்டு ஆள் உயரம் போனாலே எனக்குக் கால் நடுங்கும், "மாதாவே" என்று கத்துவேன். "வள்ளத்துல நிக்கிற மனுசன் மரத்துல இந்த ஆட்டம் ஆடுறீகளே மச்சான்!" என்று விழுந்து விழுந்து சிரிப்பான்.

மேலேதான் பயம். கீழே கயிறு பிடிப்பதில் எனக்குத் தலைக்கனம். கிளையில் கட்டிய கயிறு மேலே ஒரு கவட்டை வழியாக இறங்கி வரும். அதை அடிமரத்தில் நாலு சுற்றுச் சுற்றி, நுனியை நான் பிடித்துக்கொள்ள வேண்டும். வெட்டியதும் பாரத்தை அந்தச் சுற்றுகள் தாங்கும், நான் கொஞ்சம் கொஞ்சமாக விட வேண்டும். நாலு என்று படித்துப் படித்துச் சொல்லியிருந்தான். வள்ளத்தில் இரண்டு சுற்றில் எத்தனை பாரத்தை நிறுத்தியவன் நான், இவன் என்ன சின்னப் பயல் எனக்குச் சொல்வது! இரண்டோடு நிறுத்திக்கொண்டேன்.

"மச்சான், நாலு சுத்து போட்டீகளா?"

"போட்டாச்சு, நீ அறு மாப்ள."

வாய் கூசாமல் சொன்னேன்.

ரம்பம் ஓடியது. கிளை முறிந்த வேகத்தில் கயிறு என் உள்ளங்கையை உரித்துக்கொண்டு ஓடியது. கடலில் வலை அடிப்பாறையில் மாட்டிக் கயிறு ஓடினால் முதலில் கையை விட வேண்டும். விடாதவனுக்கு விரல் போகும். முப்பது வருடமாகக் கைக்குத் தெரிந்த பாடம் அது. கை என்னைக் கேட்காமல் விட்டுவிட்டது. இல்லை, கை மேல் பழி போட்டு என்ன செய்ய? நான்தான் விட்டேன்.

கிளையின் நுனி ஓட்டு விளிம்பில் குத்தியது. அடிப்பக்கம் எகிறித் திரும்பி, அவனுடைய வலது காலை மரத்தோடு வைத்து நசுக்கிவிட்டுக் கீழே சரிந்தது. அந்த அலறலை எப்படி எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை.

பெல்ட்டில் தொங்கிக்கொண்டே, இடுப்பிலிருந்த இன்னொரு கயிற்றைக் கவட்டையில் போட்டுத் தன்னோடு மாட்டி, மறுமுனையைக் கீழே விட்டான். உதடெல்லாம் வெளுத்திருந்தது.

"மச்சான், இந்தத் தடவ நாலு சுத்து போட்டுருங்க."

குரலில் கோபமே இல்லை. அதுதான் என்னைக் கொன்றது. நாலு சுற்றுப் போட்டேன். தூங்கும் பிள்ளையை இறக்குவது போல இறங்கி வந்தான். கைக்குப் பாரமே தெரியவில்லை. இவ்வளவுதானா வேலை, இதற்கா வீம்பு பிடித்தேன் என்று அப்போதுதான் அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

ராமநாதபுரத்திலிருந்து மதுரைக்கு அனுப்பினார்கள். முழங்காலுக்கு மேலே காலை எடுத்துவிட்டார்கள். ஆஸ்பத்திரியில் கண் விழித்ததும் என் மனைவியிடம், "கயிறு வழுக்கிருச்சுக்கா. மச்சான் மட்டும் இல்லேன்னா அங்கனயே செத்துருப்பேன்" என்றான். அவள் கட்டுப் போட்ட என் கையை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். நான் வாயைத் திறக்கவில்லை. பாவி, திறந்திருக்க வேண்டும்.

இப்போது அவன் வீட்டு வாசலில் உட்கார்ந்து கிழிந்த வலைகளைப் பொத்துகிறான். அவனுக்குப் பார்த்திருந்த பெண் வீட்டார் திரும்பி வரவில்லை. நானும் அதற்குப் பிறகு மரத்துப் பக்கம் போகவில்லை. ஒருநாள் மனசு தாங்காமல், "ஏன் மாப்ள அக்காகிட்ட அப்படிச் சொன்ன?" என்று கேட்டேன்.

"என் காலும் போயி, அக்கா குடும்பமும் போகணுமா மச்சான்?" என்றவன் குனிந்து வலையைப் பார்க்கத் தொடங்கிவிட்டான்.

"இந்தக் கை இல்லாட்டி என் தம்பி எனக்கில்ல" என்று என் மனைவி இன்றைக்கும் உள்ளங்கைத் தழும்பில் எண்ணெய் தடவிவிடுகிறாள். அது அவனைத் தாங்கியதில் வந்த தழும்பல்ல, கைவிட்டதில் வந்தது என்று சொல்ல வாய் வராமல் நானும் கையை நீட்டிக்கொண்டே இருக்கிறேன்.