பன்னிரண்டு பாட்காஸ்டும் ஒரு மடக்குத் தண்ணீரும்

செல்லத்திடம் எதையாவது சொல்ல வேண்டுமென்றால் முதலில் அவள் தோளைத் தட்ட வேண்டும். இரண்டு காதிலும் வெள்ளையாக எதையோ செருகி வைத்திருப்பாள். தட்டினால் ஒன்றைக் கழற்றுவாள். மற்றது உள்ளேயே இருக்கும். ஒரு காதில் நான், இன்னொரு காதில் எவளோ ஒருத்தி. "சொல்லுங்க மிஸ்ஸி" என்பாள்.

மிஸ்ஸி நான்தான். தோட்டத்து ஆஸ்பத்திரியில் இருபத்தாறு வருஷம் வேலை பார்த்ததால் ஒட்டிக்கொண்ட பெயர். ஆஸ்பத்திரியை மூடிய பிறகு சிரம்பானில் நோயாளிப் பராமரிப்புக்கு ஆறு மாதம் பயிற்சி எடுத்தேன். வகுப்பில் இருந்தவர்கள் எல்லாம் என் மகள் வயது. இப்போது எனக்கு அறுபத்தொன்பது. படுத்துக் கிடப்பவர்களைக் குளிப்பாட்ட, புரட்டிப் போட, ஊட்ட வீடு வீடாகப் போகிறேன். சி ரூசா பக்கம் போகும் சாலையிலிருந்து செம்மண் பாதையில் திரும்பினால் செல்லம் இருக்கும், எண்ணெய்க்குப் பழம் வெட்டும் செம்பனைத் தோட்டம். தொழிலாளர் லயத்தில் இன்னும் ஆள் இருப்பது பதினான்கு வீட்டில். அதில் ஏழாவது அவளுடையது.

படுக்கையில் கிடப்பவர் அவள் புருஷன் மாயாண்டி. தோட்டத்தில் ஆட்களை வேலை வாங்கிய முன்னாள் மண்டோர். போன தீபாவளிக்கு முந்தின வாரம் பக்கவாதம் வந்து வலது கை, கால் விழுந்துவிட்டது. பேச்சு குழறும், புத்தி தெளிவு. விழுங்குவதில்தான் சிக்கல். சாப்பாடு வழி மாறி நெஞ்சுக்குள் இறங்கி இரண்டு முறை சளிக் காய்ச்சலோடு வார்டில் கிடந்தார். இரண்டாவது முறை டாக்டர் செல்லத்திடம் தெளிவாகச் சொல்லி அனுப்பினார். அடுத்த தேதி ஆறு வாரத்தில். அதுவரை நெஞ்சு சுத்தமாக இருந்தால் வாயாலேயே சாப்பிடலாம். இல்லையென்றால் மூக்கு வழியாகக் குழாய்.

மாயாண்டிக்கு அந்தக் குழாய் என்றால் நடுக்கம். பக்கத்துக் கட்டிலில் ஒருத்தர் அதைப் பிடுங்கிவிடாமலிருக்கக் கையைக் கட்டிப் போட்டிருந்ததைப் பார்த்திருக்கிறார். "கொழா வச்சா... நான் சாப்ட மாட்டேன் மிஸ்ஸி" என்று என்னிடம் சொன்னார். குழாய் வைத்த பிறகு சாப்பிட மாட்டேன் என்பதில் அர்த்தமில்லை என்று நான் விளக்கினேன். அவர் கண்ணில் தண்ணீர் வந்தது. துடைத்துவிட்டுப் புரட்டிப் போட்டேன்.

வேலை இப்படி இருக்க, வீட்டுக்காரி காதை அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

அது மருமகள் ஷாமினியின் உபயம். செண்டாயானில் ஒரு தொழிற்சாலை ஆபீசில் வேலை. மாதத்துக்கு இரண்டு ஞாயிற்றுக்கிழமை புருஷனோடு வருவாள், மாமனாரின் கால்மாட்டில் நின்று மூக்கை உறிஞ்சுவாள், திரும்பிப் போவாள். அத்தைக்கு மனசு சோர்ந்துவிடக் கூடாது என்று எங்கேயோ பிடித்த ஒரு பட்டியலைப் போனில் ஏற்றிக் கொடுத்திருந்தாள். 'பெண்கள் அவசியம் கேட்க வேண்டிய பன்னிரண்டு பாட்காஸ்ட்.' கூடவே காதில் செருகும் அந்தச் சாமானும்.

நானும் கேட்டுப் பார்த்தேன். கேட்காமல் திட்டுவது எனக்குப் பழக்கமில்லை. 'புதன்கிழமைத் தோழிகள்' என்று ஒன்று. மூன்று பெண்கள். ஒருத்தி பேசி முடிக்கும் முன்பு இன்னொருத்தி சிரிக்கிறாள். என்ன விஷயம் என்று இருபது நிமிஷம் காத்திருந்தேன். விஷயமே இல்லை, அதுதான் நிகழ்ச்சியாம். தொழில் தொடங்கி முன்னேறுவது பற்றி ஒன்று. அதில் பேசினவளுக்குக் கடையை அப்பா வைத்துக் கொடுத்திருந்தார், அதைக் கடைசி நிமிஷத்தில் சொன்னாள். முகத்துக்கு அரிசி கழுவிய தண்ணீரைப் பூசச் சொல்ல ஒருத்தி, பூசாதே என்று சொல்ல இன்னொருத்தி. இரண்டும் ஒரே பட்டியலில். 'ஒரு கப் மூச்சு' என்று ஒன்றில் ஒரு பெண் தூக்கத்தில் பேசுவது போல மூச்சு விடச் சொல்லித் தருகிறாள். அறுபத்தொன்பது வருஷமாக நான் எப்படி விட்டேனோ தெரியவில்லை.

ஒரு ஞாயிறு ஷாமினி என்னையும் பிடித்துக்கொண்டாள்.

"ஆன்ட்டி, நீங்களும் கேளுங்க லா. நோயாளிய பாத்துக்கிறவங்களுக்குன்னே ஒண்ணு இருக்கு. ரொம்ப நல்லாருக்கும்."

"அதுல என்னம்மா சொல்றாங்க?"

"மொதல்ல உங்கள நீங்க கவனிச்சுக்கணும்னு சொல்றாங்க ஆன்ட்டி."

"சரி. ரெண்டாவது?"

அவள் போனைத் தடவித் தடவிப் பார்த்தாள். "எல்லா எபிசோட்லயும் அதான் ஆன்ட்டி."

"ஒருத்தரப் பொரட்டிப் போடறது எப்படின்னு எதுலயாவது இருக்கா?"

"அது... அந்த மாதிரி இல்ல லா ஆன்ட்டி. இது மனசுக்கு."

செல்லம் கதவோரம் நின்று சிரித்தாள். எங்கள் பேச்சுக்கா, காதுக்குள் நடந்த பேச்சுக்கா, தெரியாது.

இந்தச் செல்லம் இதே தோட்டத்தில் பிறந்தவள். ஆறாம் வகுப்போடு நின்று, பதினாலு வயதில் மரத்தடியில் உதிர்ந்த செம்பனைப் பழத்தைப் பொறுக்கி மூட்டை கட்டப் போனாள். கணக்கெழுதும் கிராணி அவளை நம்பர் சொல்லிக் கூப்பிடுவார். மண்டோர் கூப்பிடவே மாட்டார், கத்துவார். இருபத்து மூன்று வயதில் அந்த மண்டோரையே கட்டி வைத்தார்கள். அதன் பிறகு செம்பனைக் காட்டில் கத்தியவர் வீட்டிலும் கத்தினார். அவர் முன்னால் அவள் 'முடியாது' என்று சொல்லி நான் கேட்டதில்லை. அவளிடம் யாரும் உட்கார்ந்து சாவகாசமாகப் பேசியதே கிடையாது. அதற்காக நான் உருகப் போவதில்லை. என்னிடமும் யாரும் பேசியதில்லை. ஆனால் பக்கவாதம் வந்து வீட்டில் சத்தம் அடங்கிய பிறகு ஒரு பெண் குரல் காதோரம் "வணக்கம் தோழி" என்றதும் அவள் அப்படியே அதில் விழுந்துவிட்டாள். அதுவும் கொலைக் கதை சொல்லும் ஒருத்தியிடம். காலையில் கஞ்சி, மத்தியானம் கொலை, சாயங்காலம் மூச்சு. இதுதான் அவள் அட்டவணை.

இரண்டாவது வாரம் மாயாண்டிக்கு உடம்பு மறுபடி சுட்டது. இருமலில் ஈரம் இருந்தது. நான் செல்லத்தின் தோளைத் தட்டவில்லை, இரண்டு காதிலிருந்தும் நானே பிடுங்கினேன்.

"இவரு இருமறது ஒனக்குக் கேக்குதா இல்லையா?"

"கேக்குது மிஸ்ஸி. சவுண்ட கொறைச்சுத்தான் வச்சிருக்கேன்."

"எவ எவள வெட்டினாங்கிறது நல்லாக் கேக்குது. கட்டின புருஷன் பொறையேறிச் சாகறது கேக்கல."

"வெட்டல மிஸ்ஸி. வெசம் வச்சது."

கிளினிக்கில் மருந்து வாங்கிக் கொடுத்ததில் அந்தச் சூடு இறங்கிவிட்டது. குற்றம் கஞ்சியில் என்று நான் முடிவு செய்தேன். இன்னும் கெட்டியாகக் காய்ச்சச் சொன்னேன். நேராக நிமிர்த்தி உட்கார வைத்து, முகவாயை நெஞ்சுப் பக்கம் தாழ்த்தி, சின்னக் கரண்டியால் நானே ஊட்டிக் காட்டினேன். வார்டில் நர்ஸும் கரண்டியை வைத்து அதைத்தான் காட்டியிருந்தார். செல்லம் அப்படியே செய்தாள். அதில் குறை சொல்ல முடியாது. சாப்பிடும்போது இருமல் இல்லை. ஆனாலும் மத்தியானத்துக்கு மேல் குரல் கொழகொழவென்று ஆகிவிடும், தொண்டையில் தண்ணீர் நிற்பது போல. நாலாவது வாரமும் அதே கதை. தேதிக்குப் பதினைந்து நாள்தான் இருந்தது. மாயாண்டி சுவர்க் காலண்டரைப் பார்ப்பதை நிறுத்திவிட்டார்.

அந்தப் புதன்கிழமை நான் துணி மடித்துக்கொண்டிருந்தேன். செல்லம் நாற்காலியில் உட்கார்ந்து 'ஒரு கப் மூச்சு' கேட்டுக்கொண்டிருந்தாள். அன்றைக்குப் பாடம் தண்ணீர் குடிப்பது. கண்ணை மூடி, ஒரு டம்ளர் தண்ணீரை நிதானமாக, உணர்ந்து குடிக்க வேண்டுமாம். இவளும் கண்ணை மூடினாள். எவர்சில்வர் டம்ளரைத் தூக்கினாள். தலையைப் பின்னால் சாய்த்து, வாயைத் திறந்து, உதட்டில் படாமல் மேலிருந்து ஊற்றினாள். உள்ளே அந்தப் பெண் என்ன சொன்னாளோ, இவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தண்ணீர் வழி மாறிப் போய், முகம் சிவந்து, இருமு இருமு என்று இருமினாள். முதுகில் நாலு தட்டு தட்டினேன்.

தட்டிய கை பாதியில் நின்றது.

"செல்லம், இவருக்குத் தண்ணி எப்படிக் குடுக்கற?"

"இப்படித்தான் மிஸ்ஸி. அண்ணாந்து காட்டுவாரு, நான் ஊத்துவேன்."

"கஞ்சிக்கு மட்டும் தலைய கீழ வைக்கச் சொல்லி, தண்ணிக்கு மேல தூக்கறியா?"

"தண்ணிய வேற எப்படி மிஸ்ஸி குடிக்கறது?"

 அவள் ஊற்றுவதை நான் பல தடவை பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். பார்த்தும் கண்ணில் படவில்லை. நானும் அப்படித்தான் குடிக்கிறேன். தோட்டத்தில் எல்லோருமே அப்படித்தான். பழம் நிறுக்கும் இடத்தில் நாற்பது பேருக்கு ஒரு தகர டின் தண்ணீர், ஒரு டம்ளர். உதடு வைத்தவளை அடிக்காத குறையாகத் துரத்துவார்கள். வார்டில் கரண்டியால் கொடுத்ததால் அங்கே யாருக்கும் இது தெரிய வழியில்லை. சான்றிதழ் வாங்கிய எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். இரண்டு வாரமாகக் கஞ்சியைக் குற்றம் சொல்லிக்கொண்டிருந்தேன். பன்னிரண்டு பாட்காஸ்ட் மேல் எனக்கு என்ன மதிப்போ, அன்றைக்கு என் மேலும் அவ்வளவுதான்.

மூச்சுவிடச் சொல்லித் தருபவளுக்கு இதில் ஒரு பங்கும் கிடையாது. அவள் எங்கேயோ உட்கார்ந்து குடி என்றாள். இவள் இங்கே புரையேறினாள். அவ்வளவே.

இதுவரை கஞ்சிக்கு மட்டும் போட்ட ஆஸ்பத்திரி மாவை இனிமேல் தண்ணீரிலும் கலக்கிக் கெட்டியாக்கி, டம்ளரில் உதடு வைத்து, முகவாய் தாழ்த்தி, ஒரு மடக்கு ஒரு மடக்காகத்தான். நான் சொன்னதும் மாயாண்டி இடது கையால் டம்ளரைத் தள்ளிவிட்டார். பாய் நனைந்தது.

"எச்சப் பண்ணியா... குடிக்கச் சொல்ற?"

"ஒங்க எச்சிதானே, ஒங்களுக்கே என்ன அருவருப்பு?"

"மாட்டேன். அண்ணாந்தே... குடு. செல்லம், ஊத்து."

செல்லம் டம்ளரைப் பொறுக்கி எடுத்தாள். பழக்க தோஷம், ஊற்றத்தான் போகிறாள் என்று நினைத்தேன். அவள் காதிலிருந்ததை ஒவ்வொன்றாகக் கழற்றி அதன் டப்பாவில் போட்டு மூடினாள். மூடி டப்பென்று விழுந்தது.

"முடியாது" என்றாள்.

மாயாண்டி அவளையே பார்த்தார்.

"முப்பத்தாறு வருசமா ஒங்க எச்சத் தட்ட நாந்தான் கழுவறேன். அப்ப வராத வெக்கம் இப்ப எங்கேந்து வருது? மூக்குல கொழா வச்சா அண்ணாந்தும் குடிக்க முடியாது, குனிஞ்சும் குடிக்க முடியாது. கொழா வேணுமா, டம்ளரு வேணுமா? ஒண்ணு சொல்லுங்க. எனக்குத் துணி தொவைக்கணும்."

'முடியாது' என்று சொல்லப் பழகுவது எப்படி என்று பட்டியலில் ஐந்தாவதோ ஆறாவதோ ஒன்று உண்டு. அதில் பேசுகிறவள் அந்த ஒரு சொல்லுக்கு முக்கால் மணி நேரம் எடுத்துக்கொள்கிறாள். அங்கே பிடித்ததா என்று நான் செல்லத்திடம் கேட்கவில்லை. எனக்குக் கேட்டது, நிறை தப்பாகச் சொன்ன லாரிக்காரனிடம் காட்டில் பழம் பொறுக்கும் பெண்கள் போடும் குரல்.

கடைசியில் மாயாண்டி, "தனி டம்ளரு" என்றார். பிடி உடைந்த பச்சை மங்குக் கோப்பை ஒன்றை அவருக்கென்று ஒதுக்கினோம். முதல் மடக்குக்கு முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார், உதடு படுவதை நாங்கள் பார்க்கக் கூடாதாம். திருப்பிக்கொள்ளட்டும், முகவாய் தாழ்ந்திருந்தால் போதும். ஒவ்வொரு மடக்குக்குப் பிறகும் "ஆ" சொல்லச் சொல்லிக் குரலைக் கேட்கும்படி செல்லத்துக்குக் கற்றுக் கொடுத்தேன். சத்தம் தெளிவாக இருந்தால் அடுத்த மடக்கு; கொழகொழத்தால் செருமச் சொல்லிக் காத்திருக்க வேண்டும். அதைக் கேட்க இரண்டு காதும் வேண்டும் என்று சொன்னேன். தலையாட்டினாள்.

அந்தப் பதினைந்து நாளில் மத்தியானக் கொழகொழப்பு நின்றது. உடம்பு சுடவில்லை.

தேதியன்று மகன் எங்களையெல்லாம் காரில் கூட்டிப் போனான். ஷாமினியும் லீவு போட்டு வந்தாள், வழியெல்லாம் மாமனாருக்குத் தைரியம் சொன்னாள். டாக்டர் ஸ்டெதஸ்கோப்பை நெஞ்சில் வைத்துக் கேட்டார், படம் எடுத்துப் பார்த்தார். அதன் பிறகு ஒரு சின்னப் பெண் காகிதக் கப்பில் கெட்டித் தண்ணீரோடு வந்து, "மினும் பாக்சிக், பெர்லஹான்" என்றாள். மெதுவாகக் குடியுங்கள் மாமா என்கிறாள். அறையில் ஆறு பேர் நின்றிருந்தோம். திருப்பிக்கொள்ளச் சுவர் இல்லை.

மாயாண்டி எங்களை ஒரு சுற்றுப் பார்த்தார். இடது கையால் கப்பைப் பிடித்தார். தலை குனிந்தது. உதடு கப்பின் விளிம்பில் பட்டது. விழுங்கினார்.

யாரும் கேட்காமலே "ஆ" என்றார். உடைந்த மண்டோர் குரல்தான், ஆனால் ஈரம் இல்லை.

"பாகுஸ்", நல்லது என்றாள் அந்தப் பெண். குழாய் வேண்டாம், மூன்று மாதம் கழித்து வாருங்கள் என்றார் டாக்டர்.

வெளியே காருக்குக் காத்திருந்தபோது செல்லம் போத்தலை எடுத்து, தலையைச் சாய்த்து, உதடு படாமல் கடகடவென்று ஊற்றிக் குடித்தாள். அவள் தொண்டைக்கு ஒன்றுமில்லை, குடிக்கட்டும். ஷாமினி போனைத் தடவிக்கொண்டே, "அத்தை, புதுசா இன்னொரு பட்டியல் வந்திருக்கு, அனுப்பவா?" என்றாள்.

"அந்தக் கொலைகாரி மட்டும் போதும்மா" என்றாள் செல்லம். "துணி தொவைக்கறப்ப கேப்பேன்."

சக்கர நாற்காலியிலிருந்து மாயாண்டி "தண்ணி" என்றார். செல்லம் பையிலிருந்து பச்சை மங்கை எடுத்தாள்.