இரும்பு டொனிக்

2023 நவம்பர் 14, செவ்வாய்க்கிழமை, காலை 9.40. விடியப் பெய்த மழை விட்டிருந்தது; வாவிக்கு மேலே சாம்பல் மேகம் கலையவில்லை. கிளினிக்கில் டொக்டரம்மா என் இரத்த அறிக்கையை இரண்டு தடவை வாசித்தார். ஹீமோகுளோபின் 7.1. மூன்று மாதத்துக்கு முன்பு 9.4.

எனக்கு எச்.ஐ.வி. இருப்பது பதினொரு வருடமாக அந்த அறைக்கு மட்டும்தான் தெரியும்.

“ஐயா, உங்களுக்கு இரும்பு குறையல்ல, கூடித்தான் கிடக்கு. எலும்பு மச்சைக்குள்ளதான் சிவப்பணு உண்டாகிற. வைரஸ் கூடினா மச்சை சோர்ந்து போகும். உங்களுக்கு வைரஸ் திரும்பக் கூடியிருக்கு. மாத்திரை தவற விட்டீங்களா?”

“ஒரு நாளும் இல்ல.” நான் எண்ணித்தான் விழுங்குகிறவன்.

“மாத்திரையோட வேற என்ன குடிக்கிறீங்க?”

“காய்ச்சல் வந்து வெளிறினதிலிருந்து மகள் இரும்பு டொனிக் தாறா. விடிய, வெறுவயித்தில.”

பேனையைக் கீழே வைத்தார். “அந்த இரும்பு வயித்துக்குள்ளயே மாத்திரையப் பிடிச்சு வச்சிரும். உடம்பில ஏறாது. நேரத்த மாத்திக் குடிச்சாலும் சரிவராது, இரும்பு ஏற்கெனவே கூடிக் கிடக்கு. இண்டைக்கே நிப்பாட்டுங்க.”

எப்படி நிறுத்துவது? எங்கள் ஊர்ப்பக்கம் வீடு பெண்பிள்ளைக்குத்தான் போகும். நான் கட்டிய வீட்டை அவளுடைய கலியாணத்துக்குச் சீதனமாக எழுதிக் கொடுத்தேன். அதற்குப் பிறகு அங்கே அவள் தருகிற எதையும் வேண்டாமென்று சொன்னதில்லை. பின்னறையில் கதவைச் சாத்தி மாத்திரையை விழுங்கிவிட்டு வருவேன். அவள் கரண்டியோடு நிற்பாள். தொண்டைக்குழி அசையும்வரை நகரமாட்டாள்.

மறுநாள் சொல்லிப் பார்த்தேன். “டொக்டர் இது வேணாமெண்டிட்டார், மகள்.”

“எந்த டொக்டர்? பேய்க்கும் உங்களவிட ரத்தம் இருக்கும். ஆரெண்டு சொல்லுங்க, நானே வந்து கதைக்கிறன்.”

சொல்ல வாயைத் திறந்தேன். கரண்டி உள்ளே வந்துவிட்டது.

டிசம்பர் முதலாம் திகதி நகரப் பக்கம், புளியந்தீவில் ஓர் அறை வாடகைக்கு எடுத்தேன். புத்தகம் வாசிக்க வாசிகசாலை பக்கம் என்று மகளுக்குச் சாட்டுச் சொன்னேன்.

“வீட்டில என்னப்பா குறை வச்சன்?” என்று கேட்டாள். மாத்திரைப் போத்தலைச் சட்டைக்குள் சுற்றிப் பையில் வைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் பஸ்ஸில் சோறும் ஒரு போத்தல் டொனிக்கும் கொண்டுவருகிறாள். அவள் போன பிறகு டொனிக்கைக் குழாயடியில் ஊற்றிவிடுகிறேன். மற்ற ஆறு நாளும் என்னோடு பேச ஒருவருமில்லை. முகட்டுப் பலகைகள் பதினெட்டு. திரும்ப எண்ணினாலும் பதினெட்டுத்தான்.

ஆறாம் மாதம் ஹீமோகுளோபின் 11.2. அந்த ஞாயிறு என் கண்மடலை இழுத்துப் பார்த்தாள்.

“பாத்தீங்களா, டொனிக் பிடிச்சிட்டு! இனி வீட்ட வாங்க. நானே கையால தாறன்.”

போகவில்லை. போன மாதத்தோடு பதினெட்டு மாதம். மாதம் ஒன்பதாயிரம் வாடகை. ஒரு இலட்சத்து அறுபத்திரண்டாயிரம் ரூபாய்.