முறை தவறாத முயல்கள்

ஜப்பான்காரன் காலத்தில், எங்கள் கேமரன் மலைத் தேயிலைத் தோட்டத்தில் விடிந்ததும் கிழக்கே பார்த்துச் சக்கரவர்த்திக்கு ஒரு கும்பிடு, ஜப்பானிய டாக்டருக்கு ஒரு கும்பிடு. அதன்பிறகு முயல்களுக்குத் தீனி. அவற்றுக்குப் பக்கத்து ஊரான ரிங்லெட்டிலிருந்து கோஸ் வரும். எங்களுக்கு மரவள்ளிக் கிழங்கு. ஊரிலிருக்கும் நீங்கள் நம்பமாட்டீர்கள், மலாயாவில் நான் கண்ட ராஜபோகம் அந்த முயல்களுடையதுதான்.

வெள்ளைக்காரத் துரை விட்டுவிட்டு ஓடிய பங்களாவில் டாக்டர் ஆராய்ச்சி செய்தார். ஒரு முயலின் தோலை வெட்டி இன்னொன்றின் முதுகில் தைப்பார். ஒட்டிய இடம் தெரிவதற்காக, முடி எதிர்ப்பக்கம் பார்க்கும்படி வைப்பார். தோல் ஒட்டினால் அடுத்தது சிறுநீரகமாம். ஆனால் சில நாளில் தோல் கறுத்து உதிர்ந்துவிடும். ஒரே ரத்தமென்றால் உடம்பு ஏற்கும் என்று, அண்ணனையும் தங்கையையும் ஒரே கூண்டில் விட்டுத் தலைமுறை தலைமுறையாகக் குட்டி எடுக்கச் சொன்னார். கூண்டுகளைப் பார்த்துக்கொண்டது நானும் என் மனைவி சவேரியம்மாவும்.

பேரன் பேத்திகள் பிறந்தும் தோல் உதிர்ந்தது. "கெனாப்பா?" என்று டாக்டர் மலாயில் உறுமினார். ஏனென்று எனக்கு எப்படித் தெரியும்? உதவாதவனைச் சயாமில் ரயில்பாதை போட அனுப்புவார்கள், அப்படிப் போன என் மச்சான் திரும்பவில்லை என்பதுதான் தெரியும்.

சவேரியம்மா முன்னால் வந்தாள். "அண்ணன் தங்கச்சிய ஜோடி சேக்கறதா? பாவம் லா! மாமன் மகன், அத்தை மக பாத்து நான்தான் கூண்டு மாத்தி வச்சேன். அவருகிட்ட சொல்லுங்க."

"அடிப்பாவி, என்னைச் சயாமுக்கே அனுப்பிட்டியே!"

அரைகுறை மலாயில் சொன்னேன். டாக்டர் முறைத்தார், பிறகு விழுந்து விழுந்து சிரித்தார். அவர் மனைவியும் மாமன் மகளாம்!

"அப்ப நம்ம பக்கம்தான்" என்றாள் இவள்.

அண்ணன் தங்கையையே ஜோடி சேர்த்து எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்க உத்தரவானது. எந்த முயல் எதற்கு என்ன முறை என்பது அவள் ஒருத்திக்குத்தான் தெரியும், ஆகவே எங்கள் இருவரையும் எங்கும் அனுப்பக்கூடாது என்றார். எனக்கு அழுகையே வந்துவிட்டது. அன்றுமுதல் கூண்டைச் சாத்தும்போதெல்லாம் சவேரியம்மா சிலுவை போட்டுக்கொண்டாள்.

ஜப்பான் தோற்று டாக்டர் போனபோது, ஒட்டு நிலைத்திருந்தது ஒரே ஒரு முயலுக்கு. அதற்கு மட்டும், சோதித்துப் பார்ப்பதற்காக, அதன் சொந்தத் தோலையே வெட்டித் திருப்பித் தைத்திருந்தார். மற்றவை கறிச்சட்டிக்குப் போயின. அதைத் தொட சவேரியம்மா விடவில்லை.

கப்பல் ஓடத் தொடங்கியதும் சிவகங்கைப் பக்கம் என் ஊருக்கு ஒரு நடை போய்வந்தேன். கட்டிக்கொண்டு அழுதார்கள், ஆக்கிப் போட்டார்கள். கை கழுவுமுன்னே, "மலாயாவுக்கு எப்பத் திரும்புறீக?" என்றும் கேட்டார்கள்.

மலைக்கு வந்ததும் அந்த முயலைத் தடவிப் பார்த்தேன். சொந்தத் தோல்தான், நன்றாகத்தான் ஒட்டியிருந்தது. முடி மட்டும் எதிர்ப்பக்கம் பார்த்தது.